முல்லையும் நெய்தலும்



தொண்டைமானின் யானைக் கால்களை முல்லைக்கொடி பிணித்து நிறுத்தியதாக நம் மாசிலாமணீசுவரர் திருக்கோயிலின் தலபுராணம் கூறும். அக்கொடியால் பெயர் பெற்ற திருமுல்லைவாயிலில் நின்று, முல்லைத் திணையின் உரிப்பொருளான இருத்தலைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிச் சென்றவனை எண்ணித் தலைவி ஆற்றியிருப்பதே இருத்தல். முடிவுறாத நெடுங்கதையை நேசிக்கும் வாசகனின் நிலையும் அதுவே.

என் மகன் அத்தகைய வாசகன். அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்னும் புனைவுலகப் பெருங்கதையின் முதல் நூலை 1996இல் வெளியிட்டார். ஏழு நூல்களாக விரியும் எனச் சொல்லப்பட்ட அக்கதையின் ஐந்தாம் நூல் 2011இல் வந்தது. ஆறாம் நூல் இன்னும் வரவில்லை. இதற்கிடையே, அதனைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் 2019இல் தனக்கென ஒரு முடிவைச் சொல்லி நிறைவுற்றது.

"கதைதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்குக் காத்திருக்கிறாய்?" என்று ஒருநாள் அவனைக் கடிந்துகொண்டேன். "முடிவு தெரிஞ்சுடுச்சுப்பா. அவர் எழுதினது வரலையே" என்றான். எனக்கு மறுமொழி கிட்டவில்லை. மறைந்த என் அன்னையின் நினைவு வந்தது.

1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வெளிவந்தபோது, வாரந்தோறும் 'கல்கி' இதழுக்காகக் காத்திருந்தவர்களுள் அவரும் ஒருவர். மூன்றரை ஆண்டுகள் படித்தும் வாசகர்க்கு நிறைவில்லை. கதை சட்டென்று முடிந்துவிட்டதாகக் குறைப்பட்டார்கள். கல்கி அவர்கள் முடிவுரை எழுதி விளக்கம் தந்தார். பின்னர் 'அமரதாரா' தொடங்கினார். அது முடியுமுன், 1954 டிசம்பர் 5 அன்று மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி கதையை நிறைவு செய்தார்.

அன்னை அதனை முழுவதும் படித்து, இதழ்ப் பக்கங்களைச் சேர்த்து பைண்டு செய்தும் வைத்திருந்தார். அதில் ஓரிடத்தில் மையால் ஒரு கோடு இருந்தது. சிறுவயதில் காரணம் கேட்டேன். "இதுவரைக்கும் அவர். அப்புறம் அவர் பொண்ணு. அவளும் நல்லாத்தான் எழுதினா" என்று சொல்லி, அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

அன்று விளங்காதது மகனின் சொல்லால் விளங்கிற்று. வாசகன் காத்திருப்பது முடிவுக்காக மட்டுமன்று, அந்தக் கைக்காக. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அக்காத்திருப்பு முல்லை. அவர் மறைந்தால் அது நெய்தலாகிவிடுகிறது, இருத்தல் இரங்கலாகிறது. 1921இல் பாரதி மறைந்தபோது 'சந்திரிகையின் கதை' பாதியில் நின்றது. இன்று அதைப் படிப்பவன் யாரை விரைந்து வருமாறு வேண்டுவான்? என் மகனுக்கோ வேண்டுவதற்கு ஒருவர் இருக்கிறார். அவன் நிலையை நான் இப்போது பேறு என்றே கருதுகிறேன். அவனைக் கடிவதையும் விட்டுவிட்டேன்.

கவிஞர்களாகிய உங்களிடம் ஒரு விண்ணப்பம். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் கூடுகிறோம். நெடுங்கவிதையைத் தொடங்கி இரண்டு படலங்கள் படித்துக்காட்டிப் பின் நிறுத்தியவர்கள் நம்மிடையே உண்டு. நானும் அவர்களுள் ஒருவன். 'யார் கேட்கப் போகிறார்கள்?' என்று எண்ணி ஏட்டை மூடிவைத்தேன். சென்ற மாதம் கூட்டம் முடிந்து புகைவண்டி நிலையம் நோக்கி நடந்தபோது, மூத்த அன்பர் ஒருவர், "மூன்றாம் படலம் எப்போது ஐயா?" என்று வினவினார். நான் நாணினேன். ஆறாண்டுகளாக அவர் நினைவில் வைத்திருக்கிறார்.

கேட்போர் பொறுத்திருக்கட்டும், எழுதுவோர் அப்பொறுமையைக் கடனென எண்ணட்டும். கார் பொய்க்கலாம், தலைவன் சொல் பொய்க்கலாகாது. மூன்றாம் படலத்தை அடுத்த கூட்டத்தில் படிப்பேன் என உறுதி கூறுகிறேன்.