வளரும் பொறியறிவும் வளர்ப்போர் பொறுப்பும்

 

எல்லாத் துறையிலும் மாந்தனைப் போல் எண்ணவல்ல பொறியறிவை ஆக்குவது எவ்வாறு? இதற்கு இரு வழிகள் கூறப்படுகின்றன. அறிவின் முழு வடிவையும் வரைந்து கட்டுவது ஒன்று. அதனைத் தானே முளைத்து வளர விடுவது மற்றொன்று. இரண்டாம் வழியே இவ்வுரையின் பொருள்.

இவ்வழி புதிதன்று. முதிர்ந்த உள்ளத்தை நேரே ஆக்க முயல்வதினும், குழந்தை உள்ளம் போன்றதோர் பொறியை ஆக்கிக் கற்பிக்கலாமே என 1950-இல் எழுதினார் ஆங்கில அறிஞர் ஆலன் தூரிங்கு. அதன் அமைப்பை உயிர்களின் மரபுக்கூற்றுக்கும், ஆய்வாளன் தெரிவை இயற்கைத் தேர்வுக்கும் அவர் ஒப்பிட்டார். 1975-இல் அமெரிக்க அறிஞர் சான் ஆலந்து இதனைக் கணக்குமுறையாக நூலில் வகுத்தார். பல தீர்வுகளை ஆக்குக, சிறந்தவற்றை இணைக்க, சிறிதே திரிக்க, மீண்டும் தேர்க. இதுவே அம்முறை.

நடுவே ஒரு தலைமை மூளை வேண்டுமா? வேண்டா என்று காட்டினார் இராட்னி புரூக்சு. மாசாச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் ஆக்கிய ஆறுகால் பொறி பற்றிய ஆய்வுரை 1989-இல் வெளிவந்தது. அப்பொறியில் எளிய சிற்றியக்கங்கள் தத்தம் பணியை மட்டும் செய்தன. அவற்றின் கூட்டுறவில் நடை பிறந்தது. புற்றின் வரைபடத்தை எந்தக் கறையான் அறியும்? ஆயினும் புற்று எழுகின்றதன்றோ!

ஆயின், இங்கோர் எச்சரிக்கையும் உண்டு. 1996-இல் சசெக்சுப் பல்கலைக்கழக ஆய்வாளர் அட்ரியன் தாம்சன், இருவேறு ஒலியலைவுகளைப் பிரித்தறியும் மின்சுற்றைத் தாமே வரையாமல், ஒரு சில்லின் நூறு சிற்றறைகளில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தார். சுற்று செவ்வனே இயங்கியது. அதில் வெளியீட்டோடு இணைப்புப் பாதையே இல்லாத சில அறைகள் இருந்தன. அவற்றை முடக்கினாலோ சுற்றின் திறன் குன்றியது! சில்லின் வேறிடத்திற்கு மாற்றியபோதும் குன்றியது. வரைந்தவர் எவரும் இல்லாமையால், அது இயங்கும் முறையை விளக்குவதே தனி ஆய்வாயிற்று.

இதனால் பெறப்படுவது யாது? தேர்வு, அளவுகோல் கேட்டதைத் தரும். கேட்க மறந்ததற்கு உறுதி தராது. வேறிடத்திலும் இயங்குக என்று அளவுகோல் கேட்கவில்லை. சுற்றும் அதனைக் கற்கவில்லை. சிறு சுற்றுக்கே இந்நிலை எனின், மாந்தனுக்கு நிகரான அறிவுக்கு எந்நிலை? ஒருவர் கையில் குவியாத அறிவு நன்றே. ஆயின் அதனை ஒருவர் கையால் நிறுத்தவும் இயலாது.

ஆகவே, அளவுகோலை மறைவில் வகுத்தல் கூடாது. மன்றத்தில் வகுத்தல் வேண்டும். வளர்க்கும் முன்பே வகுத்தல் வேண்டும். வரையாமல் விதைத்தாலும், விளைவுக்கு விதைத்தவனே பொறுப்பு!