கேள்வி கேட்ட பெண்

(நமது குடியிருப்பின் மகளிர் தின விழாவில் ஆற்றிய உரை)



ஜெராக்ஸ் என்ற பெயரை அறியாதவர் இல்லை. அந்த நிறுவனத்தின் தலைவராக உயர்ந்த அர்சுலா பர்ன்ஸ், நியூயார்க்கில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர். அவருடைய அம்மா பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும், துணிகளுக்கு இஸ்திரி போட்டும் மூன்று பிள்ளைகளைத் தனியாளாக ஆளாக்கினார். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்த அர்சுலா, 1980-இல் ஜெராக்ஸில் கோடைக்காலப் பயிற்சியாளராகச் சேர்ந்தார்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு கூட்டம். எல்லாத் தரப்பினரையும் வேலைக்கு எடுத்தால் தரம் குறையாதா என்று ஒருவர் கேட்டார். மேலதிகாரி வேலண்ட் ஹிக்ஸ் பொறுமையாகப் பதில் சொன்னார். இந்தக் கேள்வியை மதித்து ஏன் பதில் சொல்கிறீர்கள் என்று அங்கேயே கேட்டுவிட்டார் அர்சுலா. கேட்ட விதத்துக்காக ஹிக்ஸ் அவரைக் கண்டித்தார், ஆனால் ஒதுக்கிவிடவில்லை. 1990-இல் தன் நிர்வாக உதவியாளராகவே ஆக்கிக்கொண்டார். 2009-இல் அர்சுலா தலைமைச் செயல் அதிகாரி ஆனார்.

அவருடைய துணிச்சலை மட்டும் பாராட்டிவிட்டுப் போகாதீர்கள். கேட்க ஒருவர் இருந்ததையும் பாருங்கள். நம் பொதுக்குழுவில் ஒரு பெண் மெயின்டனன்ஸ் கணக்கைக் கேட்டால், "சாரை வரச் சொல்லுங்கம்மா" என்று சொல்லாமல் பதில் சொல்வோம். பின்வரிசையில் நம் பெண் பிள்ளைகள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.