வலிப்பும் நாடாப் புழுவும்

ஒருவனுக்கு வலிப்பு வந்துவிட்டால் பேய் அடித்தது என்பதும், தெய்வக் குற்றம் என்பதும், பூர்வ ஜென்ம பாவம் என்பதுமாக ஆளுக்கொரு காரணம் சொல்லுகிறார்கள். பூசாரியின் வேப்பிலை அடி முடிந்த பிறகுதான் வைத்தியர் ஞாபகம் வருகிறது. அதற்குள் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கலியாணமும் நின்று போகிறது.

எல்லா வலிப்புக்கும் காரணம் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், பன்றிகள் தெருவில் திரியும்படி விட்டு, இந்நோய் பரவியிருக்கும் பல இடங்களில், வலிப்பு நோயாளிகளில் 100-க்குச் சுமார் 30 பேருக்கு நாடாப் புழுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

அது எப்படி என்று பாருங்கள். சரியாக வேகாத பன்றிக்கறியிலுள்ள புழுப்பைகள் வயிற்றுக்குள் போனால், குடலில் நாடாப் புழுவாக வளருகின்றன. இதை 1855-ல் கூக்கன்மைஸ்டர் என்ற ஜெர்மன் வைத்தியர் மரண தண்டனைக் கைதி ஒருவனைக் கொண்டு சோதித்துக் காட்டினார். அந்தப் புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் அவை மறுபடியும் புழுப்பைகளாகின்றன. அதே முட்டை கழுவாத கை வழியாகவோ, பச்சைக் காய்கறி வழியாகவோ மனிதன் வயிற்றில் போனாலோ, குஞ்சுப் புழு ரத்தத்தோடு சென்று மூளையில் தங்கிக் கட்டியாகிறது. அதனால் வருவதுதான் இந்த வலிப்பு.

"நாங்கள் சைவம், எங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். பன்றிக்கறியைத் தொடாத வைதீக யூதர்கள் நான்கு பேருக்கு நியூயார்க் நகரில் இந்த மூளைக்கட்டி இருந்தது 1992-ல் வெளியாயிற்று. வயிற்றில் புழு உள்ளவர் கைபட்ட உணவின் வழியே முட்டை போயிருக்க வேண்டுமென்று வைத்தியர்கள் முடிவு செய்தார்கள். ஆகவே ஆசாரம் காப்பாற்றவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய கைதான் காப்பாற்றும். கக்கூஸ் இல்லாத ஊரில் யாருக்கும் பத்திரமில்லை.

குடலிலுள்ள புழுவுக்கு ஒரு வேளை மருந்து பெரும்பாலும் போதும். மூளைக்கட்டிக்கு அப்படியல்ல. படமெடுத்துப் பார்த்து, வைத்தியர் சொன்னபடியே மருந்து சாப்பிட வேண்டும். தானாகப் பூச்சி மாத்திரை விழுங்கினால், கட்டியைச் சுற்றி வீங்கி ஆபத்தும் வரலாம்.

எனவே தோழர்களே! பேயோட்டக் கொடுக்கும் பணத்தைக் கக்கூஸ் கட்டக் கொடுங்கள். கறியை நன்றாக வேகவையுங்கள். வலிப்பு வந்தவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அவரை ஒதுக்கி வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு இதை முடிக்கிறோம்.