பிராட்பேண்ட் ஒப்பந்தமும் குடும்பச் சிக்கனமும்

(இங்கிலாந்தில் வசிக்கும் நம் அங்கத்தினர்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

கல்வி, விவாகம், தருமம் முதலிய பெரிய விஷயங்களை ஆராய்வதற்கே நம் சங்கம் ஏற்பட்டதென்றும், மாதந்தோறும் வீட்டிற்கு வரும் இணையக் கட்டணத்தைப் பற்றிப் பேச இஃது இடமன்றென்றும் சிலர் கருதக்கூடும். ஆனால் நம் மாணவர் நிதிக்குக் கொடுக்கும் பணமும், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணமும் வீட்டுக் கணக்கில் மிஞ்சுவதிலிருந்தே வரவேண்டும். ஆகையால் இவ்விஷயத்தைப் பிரஸ்தாபிக்கத் துணிந்தோம்.

இந்நாட்டில் பிராட்பேண்ட் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 18 அல்லது 24 மாதங்களுக்கு எழுதப்படுகின்றன. பாதி காலம் கழிந்தபின், வேறொரு கம்பெனி அதே வேகத்தைக் குறைந்த விலைக்குத் தருவதாக விளம்பரம் வருகிறது. அப்போது செய்யத்தக்கது யாது? உடனே விலகிவிட வேண்டும் என்பர் வாலிபர். கையெழுத்திட்ட சொல்லைத் தவறுவது குலத்திற்கே இழுக்கு என்பர் பெரியோர். இவ்விரண்டு அபிப்பிராயங்களும் ஆராய்ச்சிக்குரியன.

முதலில் நாணயத்தைப் பற்றிப் பேசுவோம். தவணைக்கு முன் விலகுவோர் செலுத்தவேண்டிய தொகையும் அந்த ஒப்பந்தத்திலேயே கூறப்பட்டிருக்கிறது. அத்தொகையைச் செலுத்தி விலகுபவர் ஒப்பந்தத்தை மீறினவர் அல்லர். அதன்படி நடந்தவரே ஆவர். பாங்கிக் கட்டளையை மாத்திரம் நிறுத்திவிட்டு வாளாவிருப்பவரே சொல் தவறினவர். அவர் பாக்கி வசூல் செய்வோரிடம் போகலாம். கடன் நாணயக் குறிப்பிலும் பதிவாகலாம். பின்னாளில் வீடு வாங்கக் கடன் கேட்கும்போது, அந்தச் சிறு பாக்கி பெருந்தடையாய் வந்து நிற்கும். ஆகவே பெரியோர் அஞ்சுவது விலகுதலுக்கன்று, சொல்லாமல் விலகுதலுக்கு என்று கொள்ளுதலே பொருந்தும்.

இரண்டாவது, லாப நஷ்டம். ஒரு குடும்பம் இப்போது மாதம் 38 பவுண்டு செலுத்துகிறதென்றும், புதிய கம்பெனி 25 பவுண்டு கேட்கிறதென்றும், பழைய ஒப்பந்தத்தில் 8 மாதம் பாக்கியென்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 13 பவுண்டு வீதம் மிச்சம் 104 பவுண்டு. விலகும் கட்டணம் 90 பவுண்டாயின் லாபம் 14 என்று மகிழ்வோம். ஆனால் புதிய இணைப்புக் கட்டணம் 20 பவுண்டாயின், அது 6 பவுண்டு நஷ்டமாக முடியும்! புதிய ஒப்பந்தத்தின் 24 மாதங்களுக்கும் மிச்சத்தைப் பெருக்கி 312 பவுண்டு லாபமென்று காட்டுவது தவறான கணக்கு. 8 மாதம் கழிந்தால் செலவின்றியே நாம் விலகலாம்; ஆதலின் அந்த 8 மாதத்து மிச்சமே கணக்கில் சேரத்தக்கது. விலகும் கட்டணத்தை ஏற்பதாகப் புதிய கம்பெனி கூறினால், எவ்வளவு, எப்போது, எந்த ரசீதின்பேரில் என்பவற்றை எழுத்தில் பெறவேண்டும்.

மூன்றாவது, கட்டணமின்றி விலகக்கூடிய சந்தர்ப்பங்கள். தொலைபேசியிலோ இணையத்திலோ செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். இடையில் உபயோகித்த சேவைக்கு மாத்திரம் பணம் கேட்கப்படலாம். 2019 மார்ச்சு முதல் அமலிலுள்ள வேக விதிகளை ஏற்ற கம்பெனிகள், வாக்களித்த குறைந்தபட்ச வேகத்தை 30 நாட்களுக்குள் சீர்செய்யாவிடின் அபராதமின்றி விடவேண்டும். ஒப்பந்தத்தில் முன்பு கூறாத விலையுயர்வைச் சுமத்தினாலும் விலகும் உரிமையுண்டு. ஆனால் 2025 ஜனவரி 17 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில், உயர்வு இத்தனை பவுண்டு, இத்தனை பென்ஸ் என்று முதலிலேயே குறிக்கப்படவேண்டும் என்பது ஆஃப்காமின் விதி. அவ்வாறு குறித்த உயர்வுக்காக விலக இயலாது. ஆகவே கையெழுத்திடுமுன் அதனையும் கூட்டிப் பார்க்கவேண்டும்.

விலகும் முறை இப்போது எளிது. 2024 செப்டம்பர் 12 முதல் புதிய கம்பெனியிடம் சொன்னாற் போதும். பழைய கம்பெனி விலகும் கட்டணத்தை முன்னதாகத் தெரிவிக்கவேண்டும். அதனைக் கண்டபின் வேண்டாமென்று நின்றுவிடவும் தடையில்லை. மாறும் தேதிக்குப் பிற்பட்ட நாட்களுக்கு அறிவிப்புக் காலமென்று பணம் கேட்கவும் கூடாது. ஆனால் உடன் வாங்கிய தொலைக்காட்சிச் சேவை முதலியவற்றைத் தனியே நிறுத்தவேண்டியிருக்கலாம். இவ்வளவுக்கும் முன்பாகப் பழைய கம்பெனியிடமே விலை குறைக்கக் கேட்பது புத்திசாலித்தனம். புதிய ஒப்பந்தம் எழுதினால் விலகும் கட்டணத்தை விட்டுவிடுவாரும் உளர்.

இறுதியாக, நம் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று. தவணை முடியுமுன் 10 முதல் 40 நாட்களுக்குள் கம்பெனிகள் அறிவிப்பு அனுப்பவேண்டுமென்பது 2020 பிப்ரவரி முதல் விதி. அந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது. தனித்து வாழும் நம் முதியோர் பலர் அதனைப் படிப்பதில்லை. அவர்கள் தவணை முடிந்தபின்னும் கூடுதல் விலையைச் செலுத்தி, குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டைக் குறைத்துக்கொண்டிருப்பார்களாயின், அது நம் அனைவருக்கும் வெட்கமன்றோ? பென்ஷன் கிரெடிட், யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவி பெறுவோருக்குச் சலுகைக் கட்டணம் தரும் கம்பெனிகளும் இருக்கின்றன. அவற்றுட் பல, தம் வாடிக்கைக்காரர் இடையில் அதற்கு மாற விலகும் கட்டணம் கேட்பதில்லை.

ஆதலால் நம் வாலிபர் ஒவ்வொருவரும் ஒரு முதியவர் வீட்டிற்குச் சென்று, ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லி, அது முடியும் தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்துவைக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறோம். ஆழமறியாமல் காலை விடலாகாது. ஆழமறிந்தபின் கரையிலேயே நின்று நடுங்கவும் வேண்டுவதில்லை.