பழம்பாட்டும் புதுச்செவியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

பழைய பாட்டொன்றை ஒருவர் புதிய இசையில் வார்த்துத் தரும்போது கேட்போர் உள்ளத்தில் நிகழ்வது யாது? இவ்வினாவுக்கும் இத்திருக்குருகூருக்கும் நெடுநாள் உறவு உண்டு. காட்டுமன்னார்கோயிலில் பத்துப் பாசுரங்களைக் கேட்ட நாதமுனிகள், எஞ்சியவற்றைத் தேடி வந்தது இவ்வூருக்கே. பாசுரங்களை அவர் தேவகானத்தில் அமைத்தார் என்று குருபரம்பரை கூறும். தேவகானம் பாடிய கணிகை ஒருத்தியின் இசையைச் சோழன் சுவைக்கவில்லை, நாதமுனிகள் சுவைத்தார் என்ற கதையும் அம்மரபில் உண்டு. பாட்டு ஒன்று, செவி இரண்டு.

நம் காலத்தில் இதற்குச் சிறந்த சான்று, 2005ஆம் ஆண்டு வெளிவந்த இளையராஜாவின் 'திருவாசகம்' இசைத்தொகுப்பு. வைணவத் திருப்பதியில் சைவ நூலா என்று வினவ வேண்டா. தமிழ் இரண்டுக்கும் பொது. கிதார்க் கலைஞராய்த் திரையிசை உலகில் நுழைந்த அவர், தமிழ் மையத்தின் முயற்சியில், புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினரைக் கொண்டு இதனை உருவாக்கினார். ஐம்பத்தொரு பகுதிகளையுடைய நூலிலிருந்து சிவபுராணம், திருக்கோத்தும்பி, யாத்திரைப்பத்து, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகிய ஆறிலிருந்து மட்டும் பாடல்கள் எடுத்தாளப்பட்டன.

நான் பழகிய வட்டத்தில் கேட்டோரை மூவகையாகப் பகுக்கலாம். முதல் வகையினர் நூலை ஓதிப் பழகியவர். ஓதுவார் மரபில் திருவாசகம் மோகன இராகத்தில் ஓதப்படுவது வழக்கம். அந்த ஒற்றைக் குரலில் உருகியவர்க்குப் பெருங்குழுவின் முழக்கம் இடையூறாகத் தோன்றிற்று. நாள்தோறும் விடியலில் சிவபுராணம் ஓதும் முதியவர் ஒருவர், "இசை பெரிதம்மா, அழுகை எங்கே?" என்று என்னைக் கேட்டார். இரண்டாம் வகையினர் நூலைத் தொடாத இளையோர். என் மாணவி ஒருத்தி இத்தொகுப்பைக் கேட்டபின், "கோத்தும்பி என்றால் என்ன அம்மா?" என்று வினவினாள். ஊதும் வண்டை விளித்துப் பாடுவது என்றதும் நூலகத்திலிருந்து நூலைப் பெற்றுச் சென்றாள். மூன்றாம் வகையினரைத் தடுத்தவை இடையே வரும் ஆங்கில வரிகள். ஆனால் ஆங்கிலம் இந்நூலுக்குப் புதிதன்று. நமக்கு அணித்தான சாயர்புரத்தில் ஒருகாலத்தில் பணியாற்றிய ஜி.யு. போப், 1900ஆம் ஆண்டிலேயே திருவாசகம் முழுமையையும் ஆங்கிலத்தில் தந்தார்.

இனி, முதியவரின் வினாவை எளிதில் தள்ளிவிடலாகாது. அதே வேளையில் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மணிவாசகர் தாமே பழையதைப் புதிதாக வார்த்தவர். அம்மானை, சாழல், உந்தி, ஊசல் என மகளிர் ஆடிப் பாடிய வடிவங்களை அவர் இறைவன்பால் திருப்பினார். சுண்ணம் இடிக்கும் உலக்கைப் பாட்டே திருப்பொற்சுண்ணம் ஆயிற்று. நம்மாழ்வாரும் அகத்துறைத் தலைவியின் ஏக்கத்தைத் திருமாலுக்கு ஆக்கினார். உலக்கைப் பாட்டை அறிந்த செவிதான் திருப்பொற்சுண்ணத்தின் புதுமையை முழுதும் உணர்ந்திருக்கும்.

மேலைநாட்டு ஜாஸ் இசையிலும் இதுவே நிலை. பலரும் அறிந்த பழைய மெட்டை எடுத்துக்கொண்டு கலைஞர் விலகிச் செல்வார். மெட்டை நெஞ்சில் வைத்திருப்பவரே அவ்விலகலின் அழகை அளக்க வல்லவர். அறியாதவர்க்கு அதுவும் ஓர் இனிய ஓசையே. அவர் பெறுவது பாதி.

எனவே நான் அஞ்சுவது மறுவார்ப்புக்கு எழும் எதிர்ப்பைக் கண்டு அன்று. "அழுகை எங்கே?" என்று கேட்க ஒருவரும் இல்லாத நாளையே அஞ்சுகிறேன். அன்று மறுவார்ப்பும் இராது. ஒப்பிட மூலம் நெஞ்சில் இல்லாதபோது எல்லாம் வெறும் புதுப்பாட்டே. அரையர் சேவை வாழும் ஊர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும். அவற்றுள் ஒன்று நம்மூர். அச்சேவையின்போது முன்னே அமர்ந்து, அபிநயத்தையும் பாசுரத்தையும் பொருத்திப் பார்க்கும் செவிகள் நம்மில் எத்தனை என்று நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் ஒவ்வொரு கூட்டத்திலும் பழம்பாடல் ஒன்றை முதலில் மரபுப்படி ஓதச் செய்யுங்கள். அதன் புதிய இசை வடிவத்தைப் பின்னர் ஒலிக்கச் செய்யுங்கள். முதியவரும் மாணவியும் ஒரே வரிசையில் அமரட்டும். அவர் கேட்பதை அவளும், அவள் கேட்பதை அவரும் கேட்கட்டும். எது உயர்ந்தது என்னும் வழக்கைத் தீர்க்க விரைய வேண்டா. வழக்காடத் தெரிந்த செவிகளை வளர்த்துவிட்டால் இவ்வட்டம் தன் கடமையைச் செய்ததாகும்.