சந்திரகிரிச் சோலையும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால், நம் குடியிருப்பிலிருந்து நாலைந்து குடும்பங்களேனும் புளியோதரை மூட்டையுடன் சந்திரகிரிக் கோட்டைக்குப் புறப்படுவது வழக்கம். புல்தரையில் அமர்ந்து உண்கிறோம், மரநிழலில் கண்ணயர்கிறோம், மாலையில் திரும்புகிறோம். எதிரே நிற்கும் மாளிகையை ஏறிட்டுப் பார்ப்போர் எத்தனை பேர்?

மூன்று அடுக்குகள் கொண்டது அந்த ராஜமகால். கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றாலேயே எழுப்பியுள்ளனர், மரத்தைப் பயன்படுத்தவில்லை. முகப்பில் வரிசை வரிசையாக வளைவுகள். உச்சியிலோ கோயில் விமானம் போன்ற சிகரங்கள்! இஸ்லாமியக் கட்டடக் கலையும் நம் ஸ்தபதிகளின் கலையும் பிணக்கின்றி ஒரே கூரையின்கீழ்க் குடியிருக்கின்றன. உள்ளே தொல்பொருள் துறையின் காட்சிச்சாலை. குடிமல்லம், கண்டிக்கோட்டை முதலிய ஊர்களின் சிற்பச் செல்வங்களை அங்கே காணலாம். அருகிலேயே இரண்டடுக்கு ராணிமகால்.

16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேங்கடபதி ராயர், விஜயநகர அரசின் தலைநகரைப் பெனுகொண்டாவிலிருந்து இங்கே மாற்றினார். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே கடலோரத்தில் ஒரு துண்டு நிலம் பெற்றார். அதனை அளித்தவர் விஜயநகர அரசுக்கு உட்பட்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவர் தந்தையார் சென்னப்பர் பெயரால் எழுந்ததே சென்னபட்டணம். அந்த உரிமைப் பத்திரம் இம்மாளிகையிலேயே பிறந்தது என்று இவ்வூரார் பெருமையுடன் கூறுவர். விடுமுறைதோறும் சென்னைக்கு வண்டி ஏறும் நமக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறென்ன வேண்டும்?

நிற்க. ஒன்றைச் சொல்ல நாக் கூசுகிறது. ஆயினும் சொல்லியே தீரவேண்டும். அந்தச் சுவர்களில் ஆணியால் கீறிய பெயர்கள் பல. தெலுங்கிலும் உண்டு, தமிழிலும் உண்டு. "இது ஆந்திரர் சொத்து, நமக்கென்ன?" என்று நம்மவரே பேசக் கேட்டிருக்கிறேன். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சந்திரகிரி ஆந்திரத்தில் நின்றது. அதனால் உறவு அற்றுப்போயிற்றா? திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் மிகப் பல தமிழிலேயே உள்ளன. 966-இல் பல்லவ குலத்துச் சாமவை வெள்ளித் திருமேனி வழங்கிய செய்தியும் தமிழ்க் கல்வெட்டே. அங்குள்ள தமிழ் கொடுத்ததைச் சொல்கிறது. சந்திரகிரிச் சுவரில் நாம் கீறிய தமிழோ கெடுத்ததைச் சொல்கிறது.

செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். தை மாதச் சுற்றுலாவைச் சந்திரகிரிக்கே வைத்துக்கொள்ளுங்கள். சோற்று மூட்டையைப் பிரிக்குமுன் பிள்ளைகளைக் காட்சிச்சாலைக்குள் அழைத்துச் செல்வோம். எடுத்துச் சொல்ல ஆள் இல்லையெனில், அடியேன் வருகிறேன்.