மந்தம் என்று சொல்லுமுன்



வகுப்பில் சோர்ந்து அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு 'மந்தம்' என்று பட்டம் சூட்டுவது எளிது. நம் பிள்ளைகளுக்கு அதைச் சூட்டப் பிறர் சற்றும் தயங்குவதில்லை. அவர்களுள் சிலரது சோர்வுக்குத் தைராய்டு சுரப்பியின் குறைபாடே காரணமாயிருத்தல் கூடும். ஆதலின் அதனை இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த இச்சுரப்பியின் எடை ஏறத்தாழ 20 கிராம். உணவில் கிடைக்கும் அயோடினைக் கொண்டு தைராக்சின் முதலிய ஹார்மோன்களை ஆக்கி இரத்தத்தில் கலக்கிறது. உடற்சூடு, இதயத் துடிப்பு, குழந்தையின் மூளை வளர்ச்சி யாவும் இவற்றைச் சார்ந்தவை. அயோடின் கலந்த உப்பை வாங்குங்கள் என்று சொல்வது இதற்காகவே.

இச்சுரப்பியிடம் வேலை வாங்குவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி. அது அனுப்பும் தூண்டு ஹார்மோனுக்கு டி.எஸ்.எச். என்று பெயர். நான் தலைமையாசிரியன்; எனக்குத் தோன்றும் உவமையும் அத்தகையதே. ஆசிரியர் பாடம் நடத்தாவிடில் தலைமையாசிரியர் குறிப்பாணைமேல் குறிப்பாணை அனுப்புவார். பாடம் ஒழுங்காக நடந்தால் அதற்குத் தேவையிராது. ஆகவே குறிப்பாணைகள் குவிந்து கிடந்தால் வேலை நடக்கவில்லை என்றே பொருள். அவ்வாறே, பரிசோதனையில் டி.எஸ்.எச். மிகுந்திருப்பின், தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளல் வேண்டும். எண் கூடியதால் சுரப்பும் கூடிவிட்டது என்று படித்தவர்களே தலைகீழாகப் புரிந்துகொள்கின்றனர்.

சுரப்பு குறைந்தால் அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல், உடற்பருமன், மிகுந்த மாதவிலக்கு ஆகியவை தோன்றும். சிறுவர்க்கு உயரம் தடைப்படும். மிகுந்தால் நன்றாக உண்டும் உடல் மெலியும். படபடப்பும் கைநடுக்கமும் காணும். பிற நோய்களிலும் இவை உண்டு. இரத்தப் பரிசோதனையே தெளிவு தரும். இந்நோய் பெண்களிடமே மிகுதி. மருமகளைச் சோம்பேறி என்று ஏசும் மாமியார் எவரேனும் இங்கிருந்தால், முதலில் அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வாராக!

பிறவிக் குறைபாடுள்ள குழந்தை தொடக்கத்தில் பெரும்பாலும் நலமாகவே தோன்றும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்து, இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சி காக்கப்படும். மாதக்கணக்கில் தாமதித்தால் இழந்ததை முழுதும் மீட்க இயலாது. கருவுற்ற தாய்க்குக் குறைபாடு இருப்பின் சேயின் மூளையும் பாதிக்கப்படலாம்.

1891இல் ஜார்ஜ் மர்ரே என்னும் ஆங்கில மருத்துவர், இக்குறைபாட்டால் தளர்ந்திருந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தினார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று ஆடு வேண்டுவதில்லை. நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போதும். நலமாகிவிட்டதென்று எண்ணி மருத்துவரைக் கேளாமல் பலர் அதை நிறுத்திவிடுகின்றனர். சில வாரங்களில் பிட்யூட்டரியின் குறிப்பாணைகள் மீண்டும் குவியத் தொடங்கிவிடும்.